திரும்பச் சேர்த்தவை

யார்க்டனில் ஜனவரி.
மூன்று வருடக் கணக்கு
வாழைப்பழப் பெட்டி ஒன்றில் என் மேசைக்கு வந்தது.
டேரல் வோஸ்னி, கழிவுத்தொட்டி இறைப்பவர்.
கம்பெனியின் ஒரே முதலாளி, ஒரே பங்குதாரர்,
சம்பளப் பட்டியலில் முதல் தொழிலாளி.
தனக்குத் தானே தந்துகொள்ளும் சம்பளம்
வருடத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர்.

மீன் விற்ற காசு நாறாது என்பார்கள்.
இந்த ரசீதுகள் நாறின,
லேசாக, டீசலும் சுண்ணாம்பும் கலந்து.
ஜன்னலைத் திறக்கவில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

நீதிபதிக்கு வேண்டியது ஓர் எண்.
இந்த மனிதனின் வருமானம் எவ்வளவு?
எண்ணைச் சொன்னால் போதும்,
பதினோரு வயதுப் பெண்ணுக்கு மாதம் என்ன தரவேண்டும் என்று
அட்டவணை சொல்லிவிடும்.
அட்டவணைக்குச் சந்தேகமே வருவதில்லை.

லாரியின் தேய்மானம்: பதினெட்டாயிரத்து நானூறு.
காகிதத்தில் அது இப்போது பாதி லாரி.
செவ்வாய்க்கிழமை மெல்வில் சாலையில்
எனக்கு முன்னால் முழு லாரியாகத்தான் போனது,
ஐந்து கிலோமீட்டர், முந்த விடாமல்.
லாரிஸாவின் மனுவில் இருக்கிறது:
இந்தக் குளிருக்குள் இரண்டாவது ஜோடி பனிக்காலணி.
தேய்வதற்குக் கணக்கில் பத்தி உண்டு.
கால் வளர்வதற்கு இல்லை.

கம்பெனிக்குள் நிற்கும் பணம்
இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
புதுப் பம்ப் வாங்க என்கிறார் அவர் வக்கீல்.
ஏட்டுச் சுரைக்காய்தான், ஒப்புக்கொள்கிறேன்,
கறிக்கு ஆகாது.
ஆனால் கொடியும் அவருடையது, கத்தியும் அவருடையது;
எப்போது பறிப்பது என்று முடிவு செய்பவரும் அவர்தான்.
பம்புக்கு ஆகும் விலையை விட்டுவிட்டு
மிச்சத்தில் ஒரு பங்கைச் சேர்த்தேன்.

"உபகரணம்" என்றிருந்த மீன்பிடிப் படகைச் சேர்த்தேன்.
"அலுவலக உதவி" என்று தம்பி பெயரில் மாதம் எண்ணூறு.
தம்பி ஆல்பர்ட்டாவில் கூரை வேய்கிறான்.
சேர்த்தேன்.
செல்போனில் பாதி.

பிறகு இது:
அலுவலகச் சாமான், நாற்பத்தொரு டாலர் அறுபது செண்ட்.
ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.
கிளாரினெட் நாணல், ஒரு பெட்டி, எண் இரண்டரை.
ஜூனில் மறுபடி, இரண்டரை.
அக்டோபரில், எண் மூன்று.

தொட்டி இறைப்பவருக்கு நாணல் எதற்கு?
கடைக்குப் போன் போட்டேன்.
ஊதுகிறவர் உதடு பலப்பட்டால்
கனமான நாணலுக்கு மாற்றுவார்களாம்.
"அவங்க பொண்ணுக்கு. நல்லா வாசிக்குது,"
கடைக்காரர் தானாகவே சொன்னார்.

விதியில் குழப்பம் இல்லை.
சொந்தச் செலவைக் கம்பெனி கட்டினால்
அது அவர் வருமானம்.
சேர்த்தேன்.
மகளுக்குக் கொடுத்த வகையில் டேரல் வோஸ்னி
நூற்று இருபத்து நான்கு டாலர் எண்பது செண்ட்
பணக்காரர் ஆனார்.

நேரில் கேட்டபோது
தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.
பள்ளிக்கூடத்தில் தருகிறார்கள் என்று
அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார்.
"என்கிட்ட காசு இருக்குன்னு ஆயிடுமே."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பொய்யை ஒரு வருடம் சுமந்தவளுக்கு
எந்தப் பத்தியிலும் இடமில்லை.

அறிக்கையில் தொண்ணூற்று நாலாயிரம் என்று எழுதினேன்.
இணைப்பில், பதினான்காம் வரியில்: நாணல், மூன்று பெட்டி, தேதிகளோடு.
அதற்கு ஓர் அடிக்குறிப்பும் எழுதினேன். நள்ளிரவில் அழித்தேன்.

பிரதி கிடைத்த அன்று லாரிஸா கூப்பிட்டாள்.
தொண்ணூற்று நாலாயிரத்தைப் பற்றிக் கேட்பாள் என்று
பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.

"பதினாலாவது வரி. அக்டோபர்னு சரியாத்தான் போட்டிருக்கீங்களா?"
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் காற்று மட்டும்.
"அப்போதான் லெஸ்யா வாசிப்பில் சத்தம் மாறுச்சு.
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக்
காது மந்தமாயிடுச்சோன்னு நினைச்சேன்."